பூட்டிய வீட்டு வளவும் ஒழுங்கைப் பூனைகளும்

14 ஜூலை 2024, கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சியின் கேள்வி

"எங்கள் ஒழுங்கையில் பூனை பெருகிவிட்டது. பக்கத்து வளவுக்காரர் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது, வளவு முழுக்கப் பற்றை. இரவில் மிச்சச் சோறும் மீன் தலையும் நான்தான் வைக்கிறேன். முன்வீட்டு அன்ரி, 'நீர் வைக்கிறபடியால்தானே ஊர்ப் பூனையெல்லாம் இஞ்ச வருது' என்று பேசுகிறார். சோறு வைப்பதை நிறுத்தினால் குறையுமா? குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை."

14 ஜூலை, இரவு

குறையாது. பசித்த பூனை ஊரை விட்டுப் போகாது, உங்கள் குசினி யன்னலால் உள்ளே வரும். அன்ரியின் கோழிக்குஞ்சுகளிலும் ஒரு கண் வைக்கும்.

ஆனால் அன்ரி சொல்வதில் பாதி சரி. சோறு மட்டும் வைத்துவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருந்தால் பெட்டைகள் நன்றாகத் தின்று நன்றாகக் குட்டி போடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், ஆகவே இந்தப் பொங்கலுக்குப் பிறந்த குட்டியே இப்போது சினையாக இருக்கலாம். தாய்ப்பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் தங்கிவிடும். குளிர்நாடுகளில் பகல் குறைகிற மாதங்களில் பூனைக்குப் பருவம் வராது. யாழ்ப்பாணத்தில் அந்த ஓய்வும் கிடையாது.

ஆகவே சோற்றை நிறுத்த வேண்டாம், நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். பொழுது படுவதற்கு முன் ஒரே நேரம், ஒரே இடம். அரை மணித்தியாலத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் கிடந்தால் எலியும் நாயும் வரும், விடிய அன்ரியும் வருவார். நேரத்துக்கு வந்து பழகிய பூனையைத்தான் பின்னர் பிடித்துக் கருத்தடை செய்விக்கலாம். அதைப் பிடிக்கவும் சோறு வைக்கிறவரால்தான் முடியும், வேறு ஆள் வந்தால் பற்றைக்குள் போய்விடும்.

15 ஜூலை

சாக்கு விஷயத்துக்கு நேற்றுப் பதில் எழுதவில்லை. சந்தையில் விட்ட குட்டிகளுக்கு மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் ஒரு சமாதானம் உண்டு. பாசையூர் மீன் சந்தைப் பக்கம் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கே ஏற்கெனவே இருக்கிற கடுவன்களும் நாய்களும் புதிதாக வந்த குட்டிக்கு இடம் கொடுப்பதில்லை. ஓட்டோச் சில்லுக்குள் போவது தனிக்கதை. வளர்ந்த பூனை என்றால் பழைய இடத்தைத் தேடி றோட்டுக்கு றோட்டாகத் திரும்பி நடக்கும்.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாலும், பற்றையும் மீன் தலையும் அங்கேயே இருக்கிறபடியால் அடுத்த ஒழுங்கைப் பூனை வந்து குடியேறும். சாக்குக் கட்டியவர் அடுத்த வருடமும் சாக்குத் தேடுவார்.

15 ஜூலை, பிறகு

மொத்தம் எத்தனை பூனை என்று எண்ணுவதை விட எத்தனை பெட்டை என்று எண்ணுங்கள். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என மூன்று நிறமும் கலந்தது கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். முழுச் செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, முகத்தில் கீறல் காயத்தோடு ஒழுங்கையே தன்னுடையது என்று நடப்பதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் எழுதுங்கள். "வால் நுனி வெள்ளை, பெட்டை, வயிறு தொங்குது" என்ற அளவு போதும்.

20 ஜூலை

பூனை பிடிக்கிற கூடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தது எலிக்கூட்டின் பெரிய வடிவம்தான். மூன்றடி நீளம், பூனை தலை நிமிர்ந்து நிற்கும் உயரம், சிறிய கண் வலை. கண் பெரிதென்றால் மூக்கை நுழைத்துக் காயப்படுத்திக்கொள்ளும். கதவு மேலிருந்து சரியும் மாதிரி இருந்தால் நல்லது. அறைந்து மூடுகிற கதவில் வால் அகப்படும்.

முதல் ஒரு வாரம் பொறியைப் போட வேண்டாம். கதவைக் கம்பியால் உயர்த்திக் கட்டிவிட்டுச் சோற்றைக் கூட்டுக்குள்ளேயே வையுங்கள். முதல் நாள் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசியில். தரையில் பழைய பேப்பர் விரியுங்கள், கம்பியில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது. இரைக்கு டின்மீன் எண்ணெயோடு நல்லது. சுட்ட சூடைக் கருவாட்டுக்கு வராத பூனையை நான் இன்னும் காணவில்லை.

அகப்பட்டதும் ஒரு பழைய சாரத்தால் கூட்டை முழுக்க மூடுங்கள். இதுதான் முக்கியம். உள்ளே சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டானதும் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். கூட்டை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகக் கூடாது. எங்கள் வெயிலில் தகரத்துக்குப் பக்கத்தில் கூட்டில் அகப்பட்ட பூனை கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும்.

21 ஜூலை

சாக்கால் அமுக்கிப் பிடிக்கலாமே என்று ஓர் அண்ணை கேட்கிறார். பிடிக்கலாம் அண்ணை, அடுத்த நாள் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட வரிசையிலும் நிற்கலாம்.

28 ஜூலை

பூட்டிய வீடு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, யாழ்ப்பாணத்துப் பூனைக் கதையில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஆட்கள் கனடாவிலும் லண்டனிலும், திறப்பு ஒரு சித்தப்பாவிடம், வளவில் ஆளுயரப் பற்றை, கிணற்றடியில் உடைந்த தொட்டி, கோடிப்பக்கம் விழுந்த காவோலைக் குவியல். குட்டி போடுவதற்கு இதைவிட நல்ல இடம் பூனைக்கு வேறெங்கே கிடைக்கும்? ஒழுங்கையில் நீங்கள் எத்தனை பூனைக்குச் செய்தாலும் அந்த வளவுக்குள் ஒரு பெட்டை தப்பிவிட்டால் அடுத்த மாரிக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். எங்கள் பக்கத்து வளவுக்காரருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பூனைப் படமில்லை, தண்ணீர் தேங்கிய தொட்டியின் படம். டெங்கு என்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார், நோட்டீஸ் ஒட்டுவார் என்று அவர்களுக்கே தெரியும். அடுத்த நாளே சித்தப்பாவிடம் திறப்பு வாங்கச் சொல்லிப் பதில் வந்தது. "பாம்பு கிடக்கும், கவனம்" என்ற புத்திமதியும் சேர்ந்து வந்தது. துப்புரவுக் கூலிக்கு அனுப்பிய காசில் மிஞ்சியதைப் பூனை ஒப்பரேஷனுக்கு எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவருடைய மகள், ஊரைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, தன் பங்குக்கும் அனுப்பினாள்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1995 இடப்பெயர்வைச் சொன்னார். ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது, மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது, பூனையை யாரும் யோசிக்கவில்லையாம். திரும்பி வந்தபோது சாம்பல் நிறப் பூனையொன்று அடுப்புக்குள் குட்டிகளோடு கிடந்ததாம். தங்களுடைய பூனையின் வழியோ வேறெதுவோ என்று தெரியவில்லை, அதற்குத்தான் முதல் சோறு வைத்தாராம்.

12 ஓகஸ்ட்

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. 25 நாளும் விரதம், பாதி ஒழுங்கையில் மீன் இல்லை. மீன் தலையை நம்பியிருந்த பூனைகள் பருப்புச் சோற்றை மணந்துவிட்டு என்னைப் பார்க்கின்றன.

பிடிக்க விரும்புகிறவர்களுக்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. மற்ற நேரம் கூட்டை எட்டியும் பார்க்காத பழைய பெட்டைகள் கருவாட்டு மணத்துக்கு நேரே உள்ளே வருகின்றன. விரத வீட்டில் கருவாடு சுடுவது எப்படி என்று கேட்காதீர்கள். நான் டின்மீனை வெளி மதிலுக்கு அப்பால் வைத்துத் திறக்கிறேன், மாமியார் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

19 ஓகஸ்ட்

மிருக வைத்தியரிடம் போகிற நாள் பற்றி. கூடு நிறையப் பூனையோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கு மாடு, ஆட்டு வேலையே தலைக்கு மேல். நாட்டில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் ஒன்றுதான், படித்து வெளியே வருகிறவர்கள் எத்தனை பேர் வடக்கில் நிற்பார்கள்? முதலில் நாள் கேட்டு எடுங்கள், காட்டுப் பூனைபோல் சீறும், கையில் தூக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த பூனைக்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம். குட்டிகளை அப்படிப் பட்டினி போடக் கூடாது, அவற்றுக்குச் சீனி இறங்கிவிடும். விடிய ஒரு வாய் கொடுக்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். உள்ளே தானாகக் கரைகிற நூலால் தைக்கச் சொல்லுங்கள், நூல் வெட்ட இதை இரண்டாம் முறை பிடிக்க முடியாது. அதே மயக்கத்திலேயே விசர்த் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும்.

வெளியே கொண்டுவந்தபோது என்னுடைய மூன்று நிறப் பெட்டைக்குக் கண் முழுக்கத் திறந்திருந்தது, இமைக்கவில்லை. என் கணவர் பயந்துபோனார். மயக்க மருந்தின் வேலை அது, கெற்றமின் போட்டால் பூனைக்குக் கண் மூடாது. காயாமல் இருக்க வைத்தியர் கண்ணில் களிம்பு பூசியிருந்தார். பிறகு தலை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது, ஒரு காது மடங்கி நிமிர்ந்தது, நாக்கு மூக்கைத் தேடியது. அந்த நிலையில் தண்ணீர் வைக்கக் கூடாது, தலையைக் கோப்பைக்குள் போட்டு மூழ்கிவிடும். இரவு முழுக்கக் கூட்டிலேயே, காற்றோட்டமான அறையில், சாரத்தால் மூடி.

பால் கொடுக்கும் தாய் என்றால் இந்தக் கணக்கு மாறும். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து சிவந்திருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது. காலையில் செய்து, தெளிந்ததும் அன்றே விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். பால் வற்றாது.

20 ஓகஸ்ட்

காது நுனி வெட்டுவது பாவமில்லையா என்று இரண்டு பேர். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அளவு நேராக வெட்டிவிடுவார்கள். கடிபட்டுக் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், இது கத்தரித்த மாதிரி நேர்க்கோடு, மதிலுக்கு மேலே நிற்கும்போதே தெரியும். இந்த அடையாளம் இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து நல்ல மனதுள்ள வேறொருவர் அதே பூனையைப் பிடித்துக் கொண்டுபோய் வயிற்றைத் திரும்பவும் திறக்க வைப்பார். எனக்கு அதுதான் பாவமாகத் தெரிகிறது.

3 செப்டெம்பர்

அவசரமாக ஒன்று. பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அரைப் பனடோல் கொடுத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். பூனையின் ஈரலுக்குப் பனடோலில் உள்ள பரசிற்றமோலைப் பிரித்து வெளியேற்றத் தெரியாது. அந்த அரைக் குளிசையே போதும் கொல்ல. முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும்.

நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் பேர்மெத்ரின் உள்ளவை பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும். சொறிக்குக் கழிவு ஒயில் பூசுகிற வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. பூனை தன்னை நக்கியே துப்புரவாக்கும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். டெற்றோலுக்கும் அதே கதை. கண்ணில் பீளை கட்டிய குட்டிக்கு ஆறவைத்த கொதித்த தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதக் கண் மருந்தை ஊற்றாதீர்கள், ஸ்டீரொயிட் உள்ளது என்றால் கண்ணே போய்விடும்.

9 செப்டெம்பர்

பனடோல் பூனை தப்பவில்லை. எழுதியவரைத் திட்டாதீர்கள். வீட்டில் பிள்ளைக்குச் செய்வதைத்தான் அதற்கும் செய்தார்.

15 செப்டெம்பர்

"கடுவனுக்கு வெட்டியும் பெட்டை சினைப்பட்டுவிட்டது, வைத்தியர் ஏமாற்றிவிட்டார்" என்று கோண்டாவிலில் இருந்து கோபமாக ஒரு அண்ணை. ஏமாற்றவில்லை அண்ணை. விதை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு உள்ளே மிஞ்சியது வேலை செய்யும். அதற்குள் விட்டால் அப்படித்தான். அதோடு அந்தப் பெட்டை உங்கள் கடுவனை மட்டும்தான் கண்டது என்று எப்படித் தெரியும்? ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கே இரண்டு மூன்று தகப்பன் இருக்கலாம்.

இதனால்தான் காசு குறைவென்றால் பெட்டைகளுக்கு முதலில் செய்யச் சொல்கிறேன். பத்துக் கடுவனுக்குச் செய்து ஒன்றை விட்டாலும் அந்த ஒன்று போதும். கடுவனுக்குச் செய்வதால் சண்டையும் இரவுக் கத்தலும் மதிலில் அடிக்கிற மூத்திர நாற்றமும் குறையும். அன்ரியோடு சமாதானமாகப் போக அது உதவும், அவ்வளவுதான்.

22 செப்டெம்பர்

ஒரு சோடிப் பூனை 7 வருடத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்ற படத்தை மறுபடி யாரோ போட்டிருக்கிறார்கள். பிறக்கிற குட்டி ஒன்றும் சாவதில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எங்கள் ஒழுங்கையில் பிறந்தவற்றில் வளர்ந்து நிற்பவை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெருகுவதை விட, பிறந்து பிறந்து சாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

29 செப்டெம்பர்

இதைப் பற்றிச் சில நாள் யோசித்தேன். கருத்தடை செய்துமுடித்து அதே இடத்தில் விடுவது எல்லா இடத்துக்கும் பொருந்துமா? ஒழுங்கைக்குப் பொருந்தும். சுண்டிக்குளம் பக்கம் அல்லது தீவுப் பக்கத்து நீர்ப்பறவைகள் கூடு கட்டுகிற கரைகளில் பொருந்தாது என்றே நினைக்கிறேன். கருத்தடை செய்த பூனை குட்டிதான் போடாது, பறவை பிடிப்பதை விடாது. எங்கள் வளவில் புலுனிக் கூட்டம் குறைந்துவிட்டது என்று அம்மா சொல்வதும் பொய்யில்லை. அங்கேயெல்லாம் சோறு வைக்கிற இடமே உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் சரி. இதை எழுதினால் பூனைக்காரர்களும் பறவைக்காரர்களும் சேர்ந்து எனக்கு அடிப்பார்கள் என்று தெரியும், பரவாயில்லை.

13 ஒக்டோபர்

மாரிக்கு முன் வளவு துப்புரவாக்குகிறவர்கள் கவனம். காவோலைக் குவியலுக்கு நெருப்பு வைக்க முன் தடியால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். நேற்று ஒரு குவியலுக்கு அடியில், பிறந்து ஒரு வாரம் இருக்கும், கண் கீறலாகத் திறந்த மூன்று குட்டிகள். தாய் எங்கே என்று தேடாதீர்கள், தூர நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்கள் விலகினால் ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்விக்கொண்டு போய்விடும். எங்களுடையது அப்படித்தான் பொழுதுபடக் கொண்டுபோனது, நேரே எங்கள் விறகுக் கொட்டிலுக்கு!

உண்மையில் தாய் இல்லையென்றால் மட்டும் எடுங்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் பருக்கினால் செமிக்காது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மல்லாக்காகப் பிடித்துப் பருக்கக் கூடாது. ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிடாவிட்டால் அவற்றுக்கு மூத்திரம் போகத் தெரியாது.

1 டிசம்பர்

வெள்ளம். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். பூனைகள் எல்லாம் மதிலிலும் பூட்டிய வீட்டு விறாந்தையிலும். தட்டை மதில் மேல் வைக்கிறேன். வேறெதுவும் எழுத நேரமில்லை.

17 டிசம்பர்

பருத்தித்துறைப் பக்கம் எலிக்காய்ச்சல் என்று செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் பூனைக்கு மதிப்புக் கூடிவிட்டது. சாக்கோடு நின்றவர்களே "உந்தக் குட்டியில ஒண்டு தாரும் பிள்ளை" என்கிறார்கள்.

கொடுக்க ஆசைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்: பூனை வளர்த்தால் எலிக்காய்ச்சல் வராது என்று இருந்துவிடாதீர்கள். சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் பிடிக்கும், பெருச்சாளியைக் கண்டால் எங்கள் பெரிய கடுவனே வழிவிட்டு நிற்கும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் காயத்தோடு கால் வைப்பதால் வருவது அந்தக் காய்ச்சல். வயலுக்கு இறங்குகிறவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கொடுக்கிற குளிசையை விழுங்குங்கள், காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்காதீர்கள்.

5 ஜனவரி 2025

கர்ப்பிணிப் பெண் வீட்டில் பூனை இருக்கலாமா? இருக்கலாம். பூனைப் பீயை வேறு ஆள் அன்றன்றே அள்ளிவிட வேண்டும், அதில் இருக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். தோட்ட மண்ணில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சியால் வருகிற அதே ஆபத்தை மறந்துவிட்டுப் பூனையை மட்டும் துரத்துகிறார்கள்.

விறாண்டினால், கடித்தால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். நாய்க்கு வருகிற விசர் பூனைக்கும் வரும். "எங்கட பூனைதானே" என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது.

19 ஜனவரி

கேள்வி கேட்ட தங்கச்சியின் செய்தி: அவருடைய ஒழுங்கையில் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கூட்டைக் கண்டாலே மதிலேறுகிறதாம். அவசரப்படாதீர்கள், கூட்டை ஒரு மாதம் எடுத்துவிடுங்கள், பிறகு வேறு இடத்தில் பற்றைக் குழையால் மூடி வையுங்கள். அதுவரை புதிய ஒழுங்கை எதையும் தொடங்காதீர்கள். பத்து ஒழுங்கையில் ஒவ்வொரு பூனைக்குச் செய்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், பத்து ஒழுங்கையிலும் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

முன்வீட்டு அன்ரி இப்போது பகலில் தானும் ஒரு தட்டு வைக்கிறாராம். அன்ரியிடம் சொல்லுங்கள், பொழுதுபட ஒரு தட்டு போதும். வயிறு நிறைந்த பூனை கூட்டுக்குள் வராது.

2 பெப்ரவரி

கூடு இரவல் கேட்டவர்களுக்கு. இப்போது உரும்பிராயில் இருக்கிறது, அடுத்தது மானிப்பாய். தருமுன் கழுவித் தாருங்கள். பூனைப் பார்வோக் கிருமி ஒரு வருடம்கூட அப்படியே கிடக்கும், சோப்புக்கும் டெற்றோலுக்கும் சாகாது. முதலில் அழுக்குப் போகத் தேய்த்து, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் விட்டு ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசி, வெயிலில் காயவிடுங்கள். கதவுக் கொக்கியைக் குறட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். போனமுறை அப்படி நிமிர்த்தியதைச் சரிசெய்ய வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனபோது, "அக்கா, இதுக்குள்ள புலியையா பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள்.